குளிர்கால வார்டோவைப் படமெடுக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நார்வேயின் வடகிழக்குக் கோடியில், பேரண்ட்ஸ் கடலோரத்துச் சின்னத் தீவு ஒன்றில் இருக்கிறது வார்டோ. அட்சரேகை வடக்கு 70 டிகிரி 22 நிமிடம். மரம் வளராத நிலம், ஓயாத காற்று, மீனை நம்பி வாழும் இரண்டாயிரத்துக்கும் குறைவான மக்கள். கிரீட் தீவில் தொடங்கும் ஈ75 நெடுஞ்சாலை இந்த ஊரில்தான் முடிகிறது. குளிர்காலத்தில் கேமராவோடு இங்கே வர நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

எந்த மாதத்தில் வருவது நல்லது?

முதல் முறை வருபவருக்குப் பிப்ரவரி நடு முதல் மார்ச் நடு வரை. பிப்ரவரி நடுவில் சூரியன் சுமார் 7 மணி நேரம் வானில் இருக்கும். உச்சிப்பொழுதிலும் அது அடிவானத்திலிருந்து 7 டிகிரிக்கு மேல் ஏறாது. அதனால் பகல் முழுவதும் நீண்ட நிழலும் மஞ்சள் வெயிலும் கிடைக்கும். நம் ஊரில் காலை ஆறரை மணிக்கு அரை மணி நேரம் கிடைக்கும் வெயில், இங்கே நாள் முழுக்க நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இருட்டுக் காலத்தின் மனநிலைதான் வேண்டும் என்றால் டிசம்பரில் வாருங்கள். நவம்பர் கடைசி வாரம் முதல் ஜனவரி மூன்றாம் வாரம் வரை சூரியன் உதிக்காது. அதற்காக இருபத்துநான்கு மணி நேரமும் கும்மிருட்டாக இருக்காது. டிசம்பர் 21 அன்றுகூட உச்சிப்பொழுதில் சூரியன் அடிவானத்துக்கு 4 டிகிரிக்கும் குறைவாகவே கீழே இருக்கும். ஏறக்குறைய 3 மணி 50 நிமிடம் நீலக் கருக்கல் கிடைக்கும். தெற்குப் பக்கம் வானம் ரோஜா நிறத்திலும் வடக்குப் பக்கம் அடர் நீலத்திலும் இருக்கும். பனி மூடிய கூரைகள் இரண்டு நிறத்தையும் வாங்கிக்கொள்ளும். மேகம் அடைத்த நாளில் இந்த நேரம் பாதியாகக் குறைந்ததுபோல் தோன்றும்.

ஜனவரியில் ஒரு நாள் தனியானது. இருட்டுக் காலம் முடிந்து சூரிய வட்டம் முழுதாக வார்டோஹுஸ் கோட்டையிலிருந்து தெரிந்ததும் பீரங்கி முழங்கும். அன்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு விடுமுறை. தேதி உறுதியாகச் சொல்ல முடியாது. மேகம் விலகிச் சூரியனைக் கண்ணால் பார்த்தால்தான் கணக்கு. ஜனவரி 20ஐ ஒட்டி ஒரு வாரம் ஒதுக்கினால் வாய்ப்பு உண்டு. அக்டோபரையும் நவம்பர் முதல் பாதியையும் தவிர்க்கலாம். அப்போது மழையும் சேறும்தான் அதிகம். பனி வந்தாலும் தங்காது.

கைக்கடிகாரத்தை நம்பித் திட்டமிட்டால் வெளிச்சம் தப்பிப்போகிறதே, ஏன்?

முதல் நாளில் பலரும் செய்யும் பிழை இதுதான். வார்டோ இஸ்தான்புல்லை விடவும் கிழக்கே இருக்கிறது. ஆனால் கடிகாரம் ஆஸ்லோவுடையது. அதனால் சூரிய உச்சி மதியம் 12 மணிக்கு வருவதில்லை. டிசம்பரில் காலை 10:55 வாக்கிலும் பிப்ரவரியில் 11:10 வாக்கிலும் வந்துவிடும். டிசம்பர் நடுவில் கருக்கல் காலை 9 மணிக்குத் தொடங்கி 12:50க்கு முடிகிறது. பிப்ரவரி நடுவில் சூரியன் 7:40 வாக்கில் எழுந்து 14:40க்கு விழுந்துவிடும். காலை உணவை நிதானமாக முடித்து 11 மணிக்குக் கிளம்பினால் நாளின் பாதி போயிருக்கும். டிசம்பரில் எட்டரைக்குள் முக்காலியோடு வெளியே நில்லுங்கள். நண்பகலுக்குப் பிறகு சாப்பாடு, தூக்கம், பேட்டரி சார்ஜ். இரவு மீண்டும் வெளியே.

நிலவையும் கணக்கில் எடுங்கள். டிசம்பர் முழுநிலவு பெரும்பாலும் சில நாட்கள் மறையாமல் வானத்தைச் சுற்றிக்கொண்டிருக்கும். பனித் தரையில் அந்த வெளிச்சம் போதுமான அளவு பிரதிபலிக்கும். ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 1600, லென்ஸ் திறப்பு எஃப் 2.8, 4 விநாடி என்று தொடங்கினால் வீடுகளின் வடிவம் தெளிவாக விழும்.

எவ்வளவு குளிரும்?

எண்ணைப் பார்த்தால் பயம் வராது. வெப்ப நீரோட்டம் இந்தக் கடலை உறையவிடுவதில்லை. கரையில் வழக்கமான குளிர்கால நாள் 0 முதல் கழித்தல் 10 டிகிரிக்குள் இருக்கும். துன்பம் காற்றால் வருகிறது. கழித்தல் 8 டிகிரியில் விநாடிக்கு 15 மீட்டர் காற்று வீசினால் தோலுக்கு அது கழித்தல் 19 போல் இருக்கும். அந்தக் காற்றில் வெறும் விரல்கள் சில நிமிடங்களில் மரத்துப்போகும், ஷட்டர் பொத்தான் இருக்கும் இடமே தெரியாது. ஆகவே வானிலைச் செயலியில் வெப்பநிலைக்கு முன் காற்றின் வேகத்தைப் பாருங்கள். நார்வே வானிலைக் கழகத்தின் 'யூர்' செயலி மணிக்கணக்கில் வேகமும் திசையும் தரும். விநாடிக்கு 8 மீட்டர் வரை நிம்மதியாக வேலை செய்யலாம். 12ஐத் தாண்டினால் நீண்ட எக்ஸ்போஷர் வேண்டாம். 18ஐத் தாண்டினால் கடலோரம் போகாதீர்கள்.

என்ன உடுத்துவது?

உடம்பை ஒட்டி மெரினோ கம்பளி, அதன்மேல் இன்னொரு கம்பளி அல்லது ஃபிளீஸ், வெளியே காற்றுப் புகாத மேலாடை. பருத்தி பனியன் வேண்டாம். வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே நிற்கும், நடந்துவிட்டு முக்காலி அருகே நின்றதும் முதுகு சில்லிடும். கைக்கு இரண்டு அடுக்கு: உள்ளே விரல் தனித்தனியான மெல்லிய கம்பளி உறை, வெளியே நான்கு விரலும் ஒன்றாகப் போகும் தடித்த உறை. வெளியுறையைக் கயிற்றால் மணிக்கட்டில் கட்டுங்கள், இல்லாவிட்டால் காற்று அதைக் கடலுக்குக் கொடுத்துவிடும்.

காலணி ஒரு எண் பெரிதாக இருக்கட்டும். இறுக்கமான காலணிக்குள் இரண்டு காலுறை போட்டால் இரத்த ஓட்டம் தடைபட்டுக் கால் இன்னும் குளிரும். அடியில் மாட்டும் இரும்பு முள்பட்டை கட்டாயம். 'ப்ரோடர்' என்று கேட்டால் கடையில் தருவார்கள். வார்டோவின் தெருக்களில் பனி உருகி மறுபடி உறைந்து கண்ணாடிபோல் கிடக்கும். கேமராவோடு விழுந்தவர்களில் பெரும்பாலோர் பாறையில் விழுவதில்லை, தங்குமிட வாசலில்தான் விழுகிறார்கள். ஒளி திருப்பும் பட்டையும் அணியுங்கள்; இருட்டில் நடப்பவர்கள் அணிவது இங்கே வழக்கம், ஓட்டுநர்களும் அதைத்தான் தேடுவார்கள்.

கேமராப் பையில் என்னென்ன?

மழைத் தடுப்பு உள்ள ஒரு கேமரா உடல், முடிந்தால் இரண்டு. லென்ஸ் மாற்றும்போது பனித்துகள் உள்ளே போய் உருகும் என்பதால், ஒன்றில் 24-70 மி.மீ. லென்ஸும் மற்றதில் 70-200 மி.மீ. லென்ஸும் மாட்டி அப்படியே விட்டுவிடுவது நல்லது. துருவ ஒளிக்கு 14 முதல் 24 மி.மீ. வரை அகலம் தரும், எஃப் 2.8 அல்லது அதைவிட வெளிச்சமான லென்ஸ் ஒன்று. பறவைகளுக்கு 400 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட லென்ஸைக் கடனாகவாவது வாங்கி வாருங்கள்.

முக்காலி கார்பன் என்றால் கை ஒட்டாது. உலோகமென்றால் மேல்கால்களில் குழாய்க்குச் சுற்றும் நுரையைச் சுற்றுங்கள். நடுத்தண்டை உயர்த்த வேண்டாம். காற்றில் நிலையாக நிற்கக் கால்களை அகல விரித்து, உயரத்தைக் குறைத்து, பனியைத் தோண்டித் தரையில் அழுத்துங்கள். கொக்கியில் பையைத் தொங்கவிடுவது காற்றில் ஊஞ்சலாகி நடுக்கத்தைக் கூட்டும். பை தரையைத் தொட்டபடி இருந்தால் மட்டும் பயன்படும்.

மற்றவை சிறியவை, ஆனால் மறந்தால் வருந்த வேண்டிவரும்: காற்றூதும் ரப்பர் பந்து, ஐந்தாறு நுண்ணிழைத் துணி, ஜிப் வைத்த பெரிய பிளாஸ்டிக் பைகள், சிவப்பு விளக்குள்ள தலை டார்ச், விடுதிக் குளியலறையில் கிடைக்கும் தலைமுடி உறை. அந்த உறை கேமராவைச் சாரலிலிருந்து காக்கும், கையுறையோடு ஒரு நொடியில் கழற்றலாம்.

பேட்டரி அரை நாள்கூட வருவதில்லை. கெட்டுவிட்டதா?

கெடவில்லை. குளிரில் லித்தியம் பேட்டரியின் உள்ளே அயனிகள் மெதுவாக நகர்கின்றன, மின்னழுத்தம் இறங்குகிறது, கேமரா அதைக் காலி என்று எடுத்துக்கொண்டு அணைந்துவிடுகிறது. சட்டைப் பைக்குள் கால் மணி நேரம் வைத்தால் அதே பேட்டரி மறுபடி வேலை செய்யும். நான்கு பேட்டரி கொண்டுவாருங்கள். ஒன்று கேமராவில், மூன்று உடம்பை ஒட்டிய உள்பையில், மாறி மாறி. சாவிக்கொத்தும் சில்லறையும் இருக்கும் பையில் போடாதீர்கள்.

குளிர்ந்த பேட்டரியை உள்ளே வந்ததும் சார்ஜில் போடுவது தவறு. 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் லித்தியம் உள்ளேயே உலோகமாகப் படிந்து கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும். அறைச் சூட்டுக்கு வரும்வரை ஒரு மணி நேரம் பொறுங்கள். கைப்பேசிக்கும் இதே விதிதான். வரைபடத்தைத் தாளிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே வந்ததும் லென்ஸ் முழுக்க வியர்த்துவிடுகிறது. என்ன செய்ய?

குளிர்காலத்தில் கேமராவைக் கொல்வது குளிரைவிட இந்த வியர்வைதான். சூடான அறைக் காற்றில் ஈரம் அதிகம். அது உறைந்த கண்ணாடியைத் தொட்டதும் நீராகப் படிகிறது. வெளிக்கண்ணாடியில் படிந்ததைத் துடைத்துவிடலாம். லென்ஸுக்குள்ளும் சர்க்யூட் பலகையிலும் படிவதைத் துடைக்க முடியாது. ஈரமான நிலையில் மறுபடி வெளியே கொண்டுபோனால் அது பனிக்கட்டியாகி அபெர்ச்சர் இதழ்களைப் பிடித்துக்கொள்ளும்.

முறை இது. வாசலுக்கு வெளியிலேயே மெமரி கார்டையும் பேட்டரியையும் எடுத்துவிடுங்கள். கேமராவை ஜிப் பையில் போட்டு, உள்ளிருக்கும் காற்றை அழுத்தி வெளியேற்றி மூடுங்கள். அந்தப் பையை மூடிய கேமராப் பைக்குள் வைத்து, அறையின் குளிர்ந்த மூலையில், ஹீட்டருக்குத் தள்ளி, 2 முதல் 3 மணி நேரம் தொடாமல் விடுங்கள். ஈரம் பிளாஸ்டிக்கின் வெளிப்புறத்தில் படியும், கேமரா உலர்ந்திருக்கும். இரவு மீண்டும் போவதாக இருந்தால் உள்ளே கொண்டுவரவே வேண்டாம். பூட்டிய முன்கூடத்திலோ காரின் பின்பெட்டியிலோ குளிராகவே கிடக்கட்டும். காருக்குள் ஹீட்டரை முழுவேகத்தில் வைத்துக்கொண்டு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இறங்கி ஏறிப் படமெடுப்பவர்களுக்கு முதல் நாளே இந்தத் தொல்லை வந்துவிடும்.

மூச்சிலும் கவனம் வேண்டும். வ்யூஃபைண்டரில் கண் வைக்கும்போது கழுத்துத் துணி மூக்கை மூடியிருந்தால் மூச்சு மேலே ஏறி ஐபீஸில் உறையும். பனித்துகளை வாயால் ஊதாதீர்கள், ரப்பர் பந்தால் ஊதுங்கள்.

கடற்சாரல் பட்டால்?

உப்பு உலர்ந்தபின் துடைத்தால் அதன் படிகங்கள் கண்ணாடியின் பூச்சைக் கீறும். ஈரமாக இருக்கும்போதே நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி எடுங்கள், பிறகு உலர்ந்த துணி. சாரல் நாளில் லென்ஸின் முன் ஒரு தெளிந்த ஃபில்டர் போடுவதில் வெட்கம் வேண்டாம். இரவில் தெருவிளக்குகளை எடுக்கும்போது மட்டும் கழற்றுங்கள், இல்லாவிட்டால் விளக்கின் பேய் உருவம் படத்தில் மிதக்கும். முக்காலியின் கீழ் மூட்டுகளை ஒவ்வொரு நாளும் வெதுவெதுப்பான நன்னீரில் அலசாவிட்டால் ஒரே வாரத்தில் திருகு இறுகிவிடும்.

பனி ஏன் சாம்பல் நிறமாக விழுகிறது?

கேமராவின் ஒளி மீட்டர் தான் காணும் எதையும் நடுத்தரச் சாம்பலாக்கவே பார்க்கும். திரையெல்லாம் வெண்மை இருந்தால் அதையும் இருட்டாக்கும். வெயிலில் பனி நிறைந்த காட்சிக்கு எக்ஸ்போஷரை ஒன்று முதல் ஒன்றே முக்கால் ஸ்டாப் வரை கூட்டுங்கள். வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தின் வலது விளிம்பைத் தொடாமல் அதற்கு அருகில் குன்று இருந்தால் சரி. நீலக் கருக்கலில் இந்த விதியைக் கைவிடுங்கள். அப்போது பனி கண்ணுக்கே மங்கலாகத்தான் தெரிகிறது. அதை வெளுக்கவைத்தால் மாலையைப் பகலாக்கிவிடுவீர்கள். பூஜ்யம் அல்லது கால் ஸ்டாப் போதும்.

ரா கோப்பில் எடுத்து, வைட் பேலன்ஸைத் தானியங்கியில் விடாமல் 5200 கெல்வினில் நிறுத்துங்கள். தானியங்கி, கருக்கலின் நீலத்தைப் பிழை என்று எண்ணித் துடைத்துவிடும். ஜன்னல் விளக்கின் மஞ்சளும் பனியின் நீலமும் ஒன்றுக்கொன்று ஈடாக இருப்பது ஏறக்குறைய 20 நிமிடம்தான். அதற்கு முன் விளக்கு வெளிறிக் கிடக்கும், பின்னர் வானம் கறுத்துவிடும். டிசம்பர் முதல் வாரத்திலிருந்து வீட்டு ஜன்னல்களில் காகித நட்சத்திரங்களும் வரிசை விளக்குகளும் எரியும். இந்த ஊரின் அழகிய படங்களில் பல அந்த ஜன்னல்களால் வந்தவை. தெருவிலிருந்து முழு வீட்டையும் எடுங்கள். டெலிஃபோட்டோவால் உள்ளே எட்டிப் பார்க்காதீர்கள்.

பெய்யும் பனியைக் கோடாகக் காட்ட 1/60, புள்ளியாக நிறுத்த 1/500. ஆட்டோஃபோகஸ் பனித்துகளைப் பிடித்துக்கொண்டு அலையும்போது ஒற்றைப் புள்ளிக்கு மாற்றி, ஃபோகஸ் கிடைத்ததும் கையியக்கத்துக்குத் தள்ளிவிடுங்கள். ஃபிளாஷ் அருகிலிருக்கும் துகள்களை மட்டும் வெள்ளை உருண்டைகளாக்கும்.

துருவ ஒளி?

வார்டோ துருவ ஒளி வளையத்துக்கு நேர் கீழே இருப்பதால் பூமியின் காந்தப்புலக் கொந்தளிப்பைக் காட்டும் கே.பி. எண் 1 அல்லது 2 போதும். மேகம் விலகுவதுதான் பெரிய நிபந்தனை. அகல லென்ஸ், எஃப் 2 அல்லது 2.8, ஐஎஸ்ஓ 1600 முதல் 3200. ஒளி மெதுவாக அசைந்தால் 6 முதல் 8 விநாடி, துள்ளினால் 2 விநாடி. நீண்ட நேரம் திறந்தால் திரைபோன்ற மடிப்புகள் கரைந்து வெறும் பச்சைப் புகையாகும். ஃபோகஸை லென்ஸின் முடிவிலிக் குறியில் வைத்து நம்பாதீர்கள். ஒரு விண்மீனையோ தொலைவிளக்கையோ திரையில் பெரிதாக்கிக் கூர்மையாக்கி, வளையத்தின்மேல் டேப் ஒட்டிவிடுங்கள். ஊருக்குள் நின்றே எடுக்கலாம் என்பது வார்டோவின் சிறப்பு. வெறும் வானத்தைவிட, அதன் கீழே படகுகள் உறங்கும் துறைமுகம் இருக்கும் படம் இந்த இடத்தைப் பற்றிப் பேசும்.

எதையெல்லாம் எடுக்கலாம்?

முதலில் துறைமுகம். படகுகள் திரும்பும் நேரத்தைக் கரையில் விசாரித்தால் சொல்லிவிடுவார்கள். 1734 முதல் 1738 வரை கட்டப்பட்ட எண்முனை நட்சத்திரக் கோட்டையான வார்டோஹுஸ் சிறியது. பனி மூடிய சுவர்களின் வடிவம் சாய்ந்த வெயிலில்தான் எழும். 1944 இலையுதிர்காலத்தில் பின்வாங்கிய ஜெர்மானியப் படை, வார்டோ இருக்கும் ஃபின்மார்க் மாவட்டத்தின் பெரும்பகுதியை எரித்தது. வார்டோவும் குண்டுவீச்சில் சிதைந்தது. இன்று தெருக்களில் பார்க்கும் எளிய, ஒரே அளவான மரவீடுகள் பெரும்பாலும் போருக்குப்பின் எழுந்தவை. அதை அறிந்து எடுத்தால் அந்த ஒரே சீரான வரிசைக்கு அர்த்தம் கிடைக்கும். 2012 கோமாஃபெஸ்ட் விழாவில் காலி வீடுகளில் தெருக்கலைஞர்கள் தீட்டிய ஓவியங்கள் உப்புக்காற்றில் உரிந்துகொண்டிருக்கின்றன.

ஸ்டெய்ல்னெசெட் நினைவிடத்துக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். 17ஆம் நூற்றாண்டில் சூனியக் குற்றம் சாட்டிக் கொல்லப்பட்ட 91 பேருக்காக 2011இல் திறக்கப்பட்டது. கட்டிடக்கலைஞர் பீட்டர் சும்தோர் வடிவமைத்த நீண்ட துணிக்கூடம் மரச்சட்டங்களில் தொங்குகிறது. உள்ளே 91 சிறு ஜன்னல்கள், ஒவ்வொன்றிலும் ஒரு விளக்கு, அருகே அந்த மனிதரின் கதை. பக்கத்துக் கண்ணாடி அறையில் சிற்பி லூயிஸ் பூர்ஷ்வாவின் எரியும் நாற்காலி. அதன் தீச்சுடர் ஏழு நீள்வட்டக் கண்ணாடிகளில் பிரதிபலிக்கும். கூடம் குறுகல், முக்காலி வழியை மறிக்கும். எஃப் 2.8, 1/60, ஐஎஸ்ஓ 6400 என்று கையில் பிடித்து எடுங்கள். விளக்குக்கு எக்ஸ்போஷர் வையுங்கள், சுவர் இருளட்டும். முதலில் கேமராவைப் பையில் வைத்துவிட்டு ஒருமுறை முழுக்க நடந்து வாசித்துவிட்டு எடுக்கச் சொல்வோம். கருக்கலில் வெளியிலிருந்து பார்த்தால் 91 விளக்குகளும் கடலோரத்தில் ஒரே வரிசையாக எரியும்.

பிப்ரவரி, மார்ச்சில் இந்தக் கடலோரத்தில் மீன் காயும் மரச்சட்டங்களைக் காணலாம். உப்பே போடாமல் குளிர்காற்றில் மட்டும் காயும் கருவாடு அது. ஈரமும் குளிரும் சரியான அளவில் அமையும் மாதங்களில்தான் தொங்கவிடுவார்கள். சட்டத்தின் அடியில் நின்று மேல்நோக்கி எடுத்தால் வால்கள் கூரைபோல் அடுக்கியிருக்கும். மீனைத் தொடாதீர்கள், அது ஒருவரின் உணவுச் சரக்கு. பக்கத்து நகரமான வாட்சோ போகும் வழியில் கீபெர்க், எக்கரோய் இரண்டு மீனவக் குடியிருப்புகளும் நிற்கத் தக்கவை. வாட்சோவில் துருவப் பயணி அமுண்ட்சென் குழுவின் 'நோர்கே' வான்கப்பல் 1926இல் கட்டப்பட்டு நின்ற கம்பம் இன்றும் இருக்கிறது. வாட்சோ துறைமுகத்தில் ஸ்டெல்லர் ஈடர் வாத்துகளைக் கரையிலிருந்தே எடுக்கலாம்.

குன்றின்மேல் வெள்ளைக் குமிழ்களாக இருப்பவை? ட்ரோன் பறக்கவிடலாமா?

அவை குளோபஸ் என்னும் ராணுவ ரேடார்கள். ஊரின் எந்த மூலையிலிருந்து பார்த்தாலும் கண்ணில் படும். அறிவிப்புப் பலகை தடைசெய்யும் இடத்தில் படமெடுக்காதீர்கள், வேலியை நெருங்காதீர்கள், டெலிஃபோட்டோவால் விவரம் தேடாதீர்கள். ரஷ்ய எல்லைக்குப் பக்கத்து ஊர் இது. இங்கே அந்த ஆர்வம் வீண் விசாரணையில் முடியும்.

ட்ரோனை வீட்டிலேயே விட்டு வாருங்கள். நார்வேயில் விமான நிலையத்திலிருந்து 5 கிலோமீட்டருக்குள் அனுமதியின்றிப் பறக்கவிடக் கூடாது. ஸ்வார்ட்னெஸ் விமான நிலையம் சுரங்கப்பாதைக்கு அந்தப் பக்கத்திலேயே இருக்கிறது, ஊர் அந்த வட்டத்துக்குள் வருகிறது. ராணுவத் தடையும் பறவைக் காப்பிடத் தடையும் இதற்கு மேல்.

மனிதர்களை எடுக்க அனுமதி கேட்கத்தான் வேண்டுமா?

வேண்டும். சட்டப்படி பொது இடத்தில் படமெடுப்பதற்குத் தடையில்லை. வெளியிடுவதுதான் சிக்கல். நார்வேயின் 2018 பதிப்புரிமைச் சட்டம் 104ஆம் பிரிவின்படி, ஒருவரைக் காட்டும் படத்தை அவர் சம்மதமின்றி வெளியிடக் கூடாது. ஊர்வலம், பொதுக்கூட்டம், செய்தி மதிப்புள்ள நிகழ்வு, ஆள் முக்கியமில்லாமல் காட்சியில் எங்கோ இருப்பது போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. சமூக ஊடகமும் வெளியீடுதான். குழந்தைகள் என்றால் பெற்றோரைக் கேளுங்கள்.

சட்டத்தைவிடப் பெரிய காரணம் ஊரின் அளவு. இரண்டாயிரம் பேர் உள்ள இடத்தில் நீங்கள் யாரை எப்படி எடுத்தீர்கள் என்பது மறுநாள் காலை கடைக்காரருக்குத் தெரிந்திருக்கும். முதல் நாள் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்து வணக்கம் மட்டும் சொல்லுங்கள். 'கான் யாய் தா எத் பில்டெ அவ் தாய்?' என்றால் 'உங்களைப் படமெடுக்கலாமா?' என்று பொருள். ஆங்கிலம் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் இந்த ஒரு வாக்கியம் முகத்தை மலர்த்தும். 'நெய்' என்றால் வேண்டாம் என்று பொருள், அதற்கு மேல் பேச்சில்லை.

மீன் பதப்படுத்தும் ஆலைக்குள் போக மேற்பார்வையாளரிடம் முந்தின நாளே கேளுங்கள். வெள்ளை அங்கி, முடிவலை, ரப்பர் பூட்ஸ் அவர்கள் தருவார்கள். லென்ஸ் மூடி, திருகு போன்ற எதுவும் உற்பத்தி வரிசையில் விழக் கூடாது என்பதால் சட்டைப் பைகளைக் காலி செய்துவிட்டு, ஒரு கேமரா ஒரு லென்ஸோடு போங்கள். உள்ளே எல்இடி விளக்குகள் கண்ணுக்குத் தெரியாமல் துடிக்கும். 1/50 அல்லது 1/100இல் எடுத்தால் படத்தில் பட்டை விழாது. படகுத்துறையில் இழுபட்டு நிற்கும் கயிற்றின் நேர்கோட்டில் நிற்காதீர்கள். அறுந்தால் காலை உடைக்கும். சரக்கு இறக்கும் கிரேனின் கீழும் நிற்கக் கூடாது.

இங்கே தமிழர்கள் இருக்கிறார்களா?

1980களில் இலங்கையிலிருந்து வந்த தமிழர்கள் பலர் ஃபின்மார்க் கடற்கரையின் மீன் ஆலைகளில் வேலைக்குச் சேர்ந்தார்கள். பின்னாளில் பெரும்பாலான குடும்பங்கள் ஆஸ்லோ போன்ற தெற்கு நகரங்களுக்கு நகர்ந்தன. பனியில் மீன் வெட்டி வாழ்ந்த அந்த ஆண்டுகளின் படங்கள் ஆல்பங்களில்தான் கிடக்கின்றன. அவற்றைப் பதிவு செய்ய விரும்பினால் நல்ல வேலை. ஆல்பத்தை வெளியே கொண்டுபோகாமல் உரியவர் வீட்டிலேயே, ஜன்னல் வெளிச்சத்தில், கேமராவை நேர் மேலே வைத்து மறுபடம் எடுங்கள். பிளாஸ்டிக் உறையின் பளபளப்பைத் தவிர்க்க ஜன்னல் பக்கவாட்டில் இருக்கட்டும். படத்தில் இருக்கும் மற்றவர்களின் பெயரை எழுதிக்கொள்ளுங்கள், வெளியிடும் முன் அவர்களையும் கேளுங்கள். போர்க்காலத்தில் ஊரைவிட்டு வந்தவர்கள் அவர்கள். ஒரு முகம் வெளியே வருவதால் ஊரில் இருக்கும் உறவினருக்கு என்ன நேரும் என்ற கவலை சிலருக்கு இன்றும் உண்டு.

ஹோர்னோயா பறவைத் தீவுக்குக் குளிர்காலத்தில் போகலாமா?

மார்ச் முதல் படகு ஓடும், துறைமுகத்திலிருந்து பத்து நிமிடம். கில்லிமாட் பறவைகள் முன்பே பாறைக்குத் திரும்பத் தொடங்கிவிடும். பஃபினுக்கு ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டும். பனி பெய்யும்போது பறக்கும் கறுப்பு வெள்ளைப் பறவைகளை எடுக்க 1/2000, எஃப் 5.6, ஐஎஸ்ஓவைத் தானியங்கியில் விடுங்கள். காப்பிடம் என்பதால் குறித்த பாதையை விட்டு விலகக் கூடாது.

எப்படி வருவது, சாலை எப்படி?

கிர்கெனெஸ் வரை பெரிய விமானம், அங்கிருந்து சிறு விமானமோ 240 கிலோமீட்டர் சாலையோ. பெர்கன்-கிர்கெனெஸ் கடலோரக் கப்பலும் வார்டோவில் நிற்கும். தெற்கு நோக்கிப் போகும் கப்பல் மாலையில் ஒரு மணி நேரம் மட்டும் நிற்பதால் அதை நம்பி வேலை திட்டமிட முடியாது. நிலப்பகுதியையும் தீவையும் இணைக்கும் 2.9 கிலோமீட்டர் கடலடிச் சுரங்கப்பாதை 1982இல் திறக்கப்பட்டது.

கார் எடுத்தால் முள் டயர் கேளுங்கள். கீபெர்குக்கும் வார்டோவுக்கும் இடையே டோமன் மலையருகே காற்று பனியை வாரி இறைத்துப் பாதையை மறைக்கும். கிளம்பும் முன் 175 எண்ணில் சாலை நிலவரம் கேளுங்கள். தடுப்புக் கம்பம் கீழே இருந்தால் சாலை மூடியிருக்கிறது. சுற்றிப் போகப் பார்க்காதீர்கள். சில நேரம் பனிவாரி வண்டியின் பின்னால் வரிசையாக ஓட்டச் சொல்வார்கள். முன்வண்டியின் விளக்கைக் கண்ணிலிருந்து தவறவிடாதீர்கள், இடையில் நிறுத்திப் படமெடுக்க இறங்காதீர்கள், கதவைத் திறக்காதீர்கள். நிறைந்த எரிபொருள், போர்வை, மண்வெட்டி, சுடுநீர்க் குடுவை எப்போதும் வண்டியில் இருக்கட்டும். ஹாம்னிங்பெர்க் போகும் சாலை குளிர்காலத்தில் மூடப்படும். திரும்பும் விமானத்துக்குப் பின் இரண்டு நாள் ஓய்வாக வைத்துக்கொள்ளுங்கள், காற்று அந்த இரண்டு நாளையும் கேட்கலாம். ஞாயிறு கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கிவையுங்கள்.

புயலில் மூன்று நாள் அடைபட்டால்?

அதுவும் இந்த ஊரின் குளிர்காலம்தான். அலைகளை எடுக்க அலைதடுப்புச் சுவர்மேல் ஏறாதீர்கள். அங்கே தூவிய கடல்நீர் உறைந்து வழுக்கும், பல அலை சிறிதாக வந்தபின் திடீரென ஒன்று சுவரைத் தாண்டும். கட்டிடத்தின் காற்று மறைவில் நின்று 200 மி.மீ. லென்ஸால், 1/1000இல், தொலைவிலிருந்து எடுங்கள். மற்ற நேரம் உள்ளே: வலை தைக்கும் கை, கடையில் ஈர உடைகள் தொங்கும் கொக்கிகள், ஜன்னலில் படிந்த பனிப்பூ, காபி ஆறும்வரை படகைப் பற்றியே பேசும் முதியவர்கள். வெளிச்சம் ஜன்னலிலிருந்து மட்டும் வரும், ஐஎஸ்ஓ 3200இல் 1/125 போதும்.

யாருக்காவது படம் அனுப்புவதாகச் சொல்லியிருந்தால், இந்த அடைபட்ட நாட்களில் அவர்கள் பெயர், முகவரி, படத்தின் எண் மூன்றையும் ஒரு தாளில் எழுதிவிடுங்கள். ஊர் திரும்பிய ஒரு மாதத்துக்குள் அச்சிட்டு அனுப்புங்கள். கைப்பேசியில் அனுப்பும் கோப்பு போதாது. 15க்கு 20 சென்டிமீட்டர் அச்சு ஒன்று, பின்புறம் தேதியும் இடமும் பென்சிலால் எழுதி, இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்து அனுப்பினால் மடங்காமல் வார்டோ போய்ச் சேரும்.